மூன்று மாதமாக ஆறாத உதட்டுப் புண்: மழைக்காலம் வரை காத்திருக்கலாமா?

தூத்துக்குடிக்கு அருகே ஒரு கடலோர ஊரிலிருந்து வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். அவருடைய அம்மாவுக்கு 54 வயது. இருபது வயதிலிருந்து உப்பளத்தில் வேலை. உப்பு வாருவதும் சுமப்பதும். இரண்டு ஆண்டுகளாக அவருடைய கீழுதடு காய்ந்து, தோல் உரிந்துகொண்டே இருக்கிறது. அங்கங்கே வெளுத்தும் இருக்கிறது. கடந்த மூன்று மாதமாக இடது பக்கத்தில் ஒரே இடத்தில் பொருக்குக் கட்டுகிறது, விழுகிறது, லேசாக இரத்தம் கசிகிறது, மறுபடியும் கட்டுகிறது. வலி இல்லை. வெற்றிலையோடு புகையிலை போடும் பழக்கம் உண்டு. இரத்த அழுத்தத்துக்கு ஆறு ஆண்டுகளாக மாத்திரை எடுக்கிறார். மருந்துக்கடையில் வைட்டமின் மாத்திரையும் ஒரு களிம்பும் கொடுத்தார்கள். களிம்பு தடவினால் ஒரு வாரம் அடங்கி, பிறகு பழையபடி ஆகிவிடுகிறது. ஊரில் நடந்த பல் மருத்துவ முகாமில் "சதை எடுத்துப் பார்க்கணும்" என்று சொல்லியிருக்கிறார்கள். அம்மா மறுக்கிறார். "கருத்த உடம்புக்கு வெயில் என்ன செய்யும்?" என்கிறார், "கத்தி பட்டா பரவிரும்" என்கிறார், "மழை மாசத்துல வேலை இருக்காது, அப்பப் பாத்துக்கலாம்" என்கிறார். வெயிலால் உதட்டில் புற்றுநோய் வருமா, சதை எடுப்பது ஆபத்தா, ஐப்பசி வரை காத்திருக்கலாமா, அம்மா அளத்து வேலையை விட வேண்டுமா என்பவை வாசகியின் கேள்விகள்.

அன்புள்ள வாசகிக்கு,

முதலில் மூன்றாவது கேள்விக்குப் பதில்: காத்திருக்க வேண்டாம். இந்த வாரமே அம்மாவை அழைத்துப் போங்கள். உதட்டிலோ வாயிலோ வந்த எந்தப் புண்ணும் இரண்டு, மூன்று வாரத்தில் ஆறிவிட வேண்டும். வெப்பத்தால் வரும் கொப்புளம், காய்ச்சலோடு வரும் அக்கிப் புண், பல் பட்ட காயம் எல்லாம் அதற்குள் ஆறிவிடும். ஒரே இடத்தில் மூன்று மாதமாகப் பொருக்குக் கட்டி விழும் புண்ணை, வேறுவிதமாக நிரூபிக்கப்படும்வரை, சந்தேகத்துக்குரியதாகத்தான் மருத்துவர்களாகிய நாங்கள் பார்ப்போம். இது புற்றுநோய்தான் என்று நான் சொல்லவில்லை. கடிதத்தை வைத்து யாரும் அப்படிச் சொல்ல முடியாது. ஆனால் இது என்ன என்று சொல்லக்கூடிய ஒரே வழி, முகாமில் சொன்ன அந்தச் சதைப் பரிசோதனைதான்.

கருத்த உடம்பும் கீழுதடும்

அம்மா சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. நம் தோலில் உள்ள மெலனின் என்ற நிறமி, வெயிலின் புறஊதாக் கதிரைப் பெருமளவு தடுக்கிறது. அதனால்தான் ஆஸ்திரேலியாவிலும் ஐரோப்பாவிலும் வெள்ளைத் தோல்காரர்களிடம் காணும் அளவுக்கு நம்மிடம் தோல் புற்றுநோய் இல்லை. ஆனால் உதட்டின் சிவந்த பகுதி தோலைப் போன்றது அல்ல. அதன் மேலடுக்கு மெல்லியது, நிறமி குறைவு, வியர்வைச் சுரப்பி கிடையாது, எண்ணெய்ச் சுரப்பியும் பெரும்பாலும் கிடையாது. மேலுதடு கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கிறது. கீழுதடு வானத்தைப் பார்த்து இருக்கிறது. வெயிலால் வரும் உதட்டுக் கேடு பெரும்பாலும் கீழுதட்டில்தான் தொடங்குவதற்குக் காரணம் இதுதான்.

உப்பளத்தில் இன்னொரு கூடுதல் கேடு உண்டு. வெயில் மேலிருந்து மட்டும் அடிப்பதில்லை. தேங்கிய நீரும் வெள்ளை உப்பும் அதைக் கீழிருந்து முகத்துக்குத் திருப்பி அனுப்புகின்றன. தலையில் கட்டிய துண்டு நெற்றியைக் காக்கும். உதட்டுக்கு அதனால் பயனில்லை. போதாததற்கு, உதட்டில் படியும் உப்பை நாக்கால் நக்கிக்கொண்டே இருப்பார்கள். எச்சில் காயும்போது உதட்டின் ஈரத்தையும் சேர்த்து இழுத்துவிடும். வெடிப்பு ஆறவே ஆறாது.

இப்படி ஆண்டுக்கணக்கில் வெயில் பட்ட உதட்டில் வரும் மாற்றத்தை ஆக்டினிக் கீலைட்டிஸ் என்கிறோம். இது புற்றுநோய் அல்ல. புற்றுநோய்க்கு முந்தைய நிலை. எல்லோருக்கும் இது புற்றுநோயாக மாறுவதில்லை. பலருக்கு ஆண்டுக்கணக்கில் அப்படியே இருக்கும். யாருக்கு மாறும் என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாததுதான் சிக்கல். பிறவியிலேயே நிறமி இல்லாதவர்களுக்கும், உறுப்பு மாற்றுச் சிகிச்சைக்குப் பின் எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மாத்திரை எடுப்பவர்களுக்கும் ஆபத்து இன்னும் கூடுதல். வெயிலில் உழைப்பதன் விலையை உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் 2023இல் கணக்கிட்டுச் சொன்னார்கள்: மெலனோமா (நிறமிச் செல்லில் தொடங்கும் புற்றுநோய்) அல்லாத தோல் புற்றுநோயால் இறப்பவர்களில் ஏறத்தாழ மூவரில் ஒருவரின் சாவுக்கு வெயிலில் செய்யும் வேலை காரணம்.

இதில் உங்களுக்கும் ஒரு திருத்தம். கடிதம் முழுவதும் வெயிலைப் பற்றியே கேட்டிருக்கிறீர்கள், புகையிலையை ஒரு வரியில் கடந்துவிட்டீர்கள். நம் நாட்டில் வாய்ப் புற்றுநோய்க்கு முதல் காரணம் புகையிலைதான். பாக்குத் தனியாகவே புற்றுநோயை உண்டாக்கக்கூடியது. வெயிலும் புகையிலையும் ஒரே உதட்டில் சேர்ந்தால் ஒன்றின் கேட்டை மற்றொன்று வளர்க்கும். அம்மா புகையிலையை எந்தப் பக்கம் அடக்குகிறார் என்று கேளுங்கள். இடது பக்கம் என்றால் அதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். உதட்டை மட்டும் பார்த்து அனுப்பினால் போதாது. கன்னத்தின் உட்புறம், ஈறு, நாக்கின் ஓரம், நாக்கின் அடி எல்லாவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள்.

போவதற்கு முன் வீட்டில் பார்க்க வேண்டியவை

காலை வெளிச்சத்தில் அம்மாவை வாசலில் உட்கார வையுங்கள். வாயைக் கொப்பளித்து, உதட்டை ஈரத் துணியால் மெதுவாகத் துடைத்து, காய விடுங்கள். பொருக்கைப் பிய்க்க வேண்டாம்.

முதலில் உதட்டின் கரையைப் பாருங்கள். சிவந்த உதடும் முகத்தோலும் சேரும் இடத்தில் கோடு இழுத்தாற்போல ஒரு விளிம்பு இருக்க வேண்டும். வெயில் கெடுத்த உதட்டில் அந்தக் கோடு மங்கி, உதடு எங்கே முடிகிறது என்றே தெரியாமல் போகும். பலர் இதை வயதானதன் அடையாளமாக எடுத்துக்கொள்கிறார்கள். இந்த நோயின் மிகத் தொடக்க அடையாளங்களில் இது ஒன்று. அடுத்து, விரல் நுனியால் தடவுங்கள். உப்புத்தாள் போலச் சொரசொரப்பாக இருக்கும் இடம் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே விரலுக்குத் தெரியும்.

அதன் பிறகு முக்கியமானது. கையைக் கழுவிக்கொண்டு, கட்டைவிரலை வெளியிலும் ஆள்காட்டி விரலை உள்ளேயும் வைத்து, கீழுதட்டை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை மெல்ல அழுத்திப் பாருங்கள். நல்ல உதடு முழுக்க ஒரே மாதிரி மெத்தென்று இருக்கும். பொருக்குக் கட்டும் இடத்துக்கு அடியில் அரிசி மணி அளவிலாவது கெட்டியாகத் தட்டுப்பட்டால் அது அவசரம். கடைசியாக, முகவாய்க்கு அடியிலும் தாடை எலும்பின் உள்விளிம்பிலும் கழுத்தின் இரு பக்கமும் கட்டி ஏதும் உருள்கிறதா என்று பாருங்கள். கீழுதட்டின் நெறிக்கட்டி முதலில் அங்கேதான் வரும்.

கெட்டித்தன்மை, தொட்டாலே இரத்தம், தடித்து எழும்பும் ஓரம், வெள்ளையும் சிவப்பும் கலந்த திட்டு, உதட்டில் மரத்துப்போன உணர்வு, கழுத்தில் கட்டி: இவற்றில் ஒன்று இருந்தாலும் இந்த வாரம் என்பதை நாளைக் காலை என்று மாற்றிக்கொள்ளுங்கள். எதுவுமே தென்படாவிட்டாலும் போகத்தான் வேண்டும். வலி இல்லாததை ஆறுதலாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தொடக்கநிலைப் புற்றுநோய் பெரும்பாலும் வலிப்பதில்லை. வலிக்கத் தொடங்கும்போது அது ஆழமாகப் போயிருக்கும்.

இப்போதே கைப்பேசியில் ஒரு படம் எடுத்து வையுங்கள். பக்கத்தில் ஒரு அளவுகோலை வைத்து எடுத்தால் பின்னர் ஒப்பிட உதவும்.

அந்தக் களிம்பும் அந்த மாத்திரையும்

களிம்பு தடவினால் ஒரு வாரம் அடங்குகிறது என்பதைப் படித்ததும் அதில் ஸ்டீராய்டு இருக்குமோ என்ற ஐயம் வருகிறது. குழாயின் மேல் பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் என்ற பெயர்களில் ஏதாவது ஆங்கிலத்தில் அச்சாகியிருக்கிறதா பாருங்கள். இருந்தால் உடனே நிறுத்துங்கள். ஸ்டீராய்டு சிவப்பையும் வீக்கத்தையும் அடக்கும், அடியில் இருக்கும் கெட்ட செல்லை ஒன்றும் செய்யாது. புண் ஆறியதுபோலத் தோன்றும் அந்த ஒரு வாரம்தான் மூன்று மாதத்தைத் தின்றிருக்கிறது. ஏற்கெனவே மெலிந்த உதட்டை அது இன்னும் மெலிய வைக்கும். வைட்டமின் குறைவால் வரும் புண் பெரும்பாலும் வாயின் இரு ஓரங்களிலும் வெடிப்பாக வரும், நாக்கும் எரியும். ஒரு பக்கத்தில் ஒரே புள்ளியில் நிற்கும் பொருக்குக்கு அது விளக்கமாகாது. களிம்புக் குழாயைத் தூக்கி எறியாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

இரத்த அழுத்த மாத்திரையின் அட்டையையும் எடுத்துப் போங்கள். ஹைட்ரோகுளோரோதயாசைடு என்ற மருந்து, தோலும் உதடும் வெயிலுக்கு எளிதில் பாதிக்கப்படும்படி செய்யக்கூடியது. நீண்டகாலம் அதை எடுப்பவர்களிடம் உதட்டுப் புற்றுநோய் கூடுதலாக இருப்பதை 2017இல் டென்மார்க் ஆய்வு ஒன்று காட்டியது. இந்த மருந்து பல கூட்டு மாத்திரைகளில் கலந்திருக்கும். மாத்திரைப் பெயரின் கடைசியில் 'எச்' என்ற எழுத்து இருந்தால் பெரும்பாலும் இதுவே. அம்மா எடுப்பது இதுவாக இருந்தால், நீங்களாக நிறுத்தக் கூடாது. அழுத்தம் எகிறினால் பக்கவாதம் வரை போகலாம். "அம்மா நாள் முழுக்க வெயிலில் நிற்பவர், வேறு மாத்திரைக்கு மாற்ற முடியுமா?" என்று கேளுங்கள். மாற்று மருந்துகள் நிறைய உண்டு, அரசு மருத்துவமனையிலும் கிடைக்கும்.

கத்தி பட்டால் பரவுமா?

பரவாது. இந்தப் பயம் எப்படி வந்தது என்றும் தெரியும். நம் ஊர்களில் புண் பெரிதாகி, கழுத்தில் கட்டி வந்த பிறகுதான் பலர் மருத்துவமனைக்கு வருகிறார்கள். அப்போது சதை எடுக்கிறார்கள். அடுத்த சில மாதத்தில் நோய் முற்றிவிடுகிறது. பார்த்தவர்களுக்குக் கத்திதான் காரணம் என்று தோன்றுகிறது. உண்மையில் கத்தி வருவதற்கு முன்பே நோய் பரவியிருந்தது.

அம்மாவுக்கு என்ன நடக்கும் என்பதை அப்படியே சொல்கிறேன், அவருக்கும் படித்துக் காட்டுங்கள். மயக்க மருந்து கிடையாது. உதட்டில் மரத்துப்போகும் ஊசி ஒன்று போடுவார்கள். வலிப்பது அந்த ஊசி மட்டும்தான், சில நொடி எரியும். பிறகு 3 அல்லது 4 மில்லிமீட்டர் அகலமுள்ள, பேனா போன்ற வட்டக் கத்தியால் ஒரு மிளகு அளவு சதையை எடுத்து, ஒன்றிரண்டு தையல் போடுவார்கள். உள்ளே போய் வெளியே வர அரை மணி நேரம் ஆகலாம். மரப்பு விலக இரண்டு, மூன்று மணி நேரம் ஆகும். அதுவரை சூடான காபி, சோறு கொடுக்காதீர்கள். தெரியாமல் உதட்டைக் கடித்துக்கொள்ளலாம், சுட்டுக்கொள்ளலாம். இரத்தம் கசிந்தால் சுத்தமான துணியை மடித்து, இடையில் எடுத்துப் பார்க்காமல் பதினைந்து நிமிடம் அழுத்திப் பிடித்தால் நின்றுவிடும். வலிக்குப் பாரசிட்டமால் போதும். ஒரு வாரத்துக்கு வெற்றிலை, புகையிலை, காரம் வேண்டாம். தையல் தானாகக் கரைவதா, ஒரு வாரத்தில் பிரிக்க வேண்டியதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை ஏதும் எடுத்தால் ஊசிக்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

தவறு நேரக்கூடிய இடம் ஒன்று இருக்கிறது. பொருக்கின் நடுவிலிருந்து மேலாக எடுத்தால் செத்த செல்தான் கிடைக்கும்; நோய் தப்பிவிடும். கெட்டியாக இருக்கும் இடத்திலிருந்தோ, புண்ணின் தடித்த ஓரத்திலிருந்தோ, போதிய ஆழத்தில் எடுக்க வேண்டும். உதடு முழுக்க மாற்றம் இருந்தால் இரண்டு இடத்தில் எடுப்பதும் உண்டு. நீங்கள் விரலால் தடவிப் பார்த்த கெட்டியான இடத்தைச் சுட்டிக்காட்டத் தயங்காதீர்கள். முடிவு "ஒன்றுமில்லை" என்று வந்து, புண் மட்டும் ஆறாமல் இருந்தால், மறுபடியும் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். அப்படிக் கேட்பது மருத்துவரை அவமதிப்பதாகாது.

முடிவு வந்த பிறகு

அறிக்கை வர ஒரு வாரம், பத்து நாள் ஆகலாம். அதில் டிஸ்பிளேசியா என்ற சொல்லைத் தேடுங்கள். செல்கள் ஒழுங்கு கெட்டிருக்கின்றன, ஆனால் இன்னும் அடுக்கைத் தாண்டி உள்ளே இறங்கவில்லை என்பது அதன் பொருள். லேசானது, நடுத்தரம், கடுமையானது என்று மூன்று படி உண்டு.

லேசானதாக இருந்தால், வெயில் காப்பும் புகையிலை நிறுத்தமும், சில மாதங்களுக்கு ஒருமுறை பரிசோதனையும் போதுமா, அல்லது மேற்பூச்சு மருந்து வேண்டுமா என்று மருத்துவர் முடிவு செய்வார். மேற்பூச்சாக அதிகம் பயன்படுவது 5 சதவீத ஃபுளோரோயுராசில் கிரீம். வழக்கமாக நாளுக்கு இரண்டு வேளை, இரண்டு முதல் நான்கு வாரம். இதைப் பற்றி முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள்: இரண்டாவது வாரத்தில் உதடு சிவந்து, புண்ணாகி, பார்க்கவே பயமாக இருக்கும். கெட்ட செல்கள் அழிவதன் அடையாளம் அது. ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துப் பாதியில் நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. எரிச்சல் தாங்க முடியாவிட்டால் நிறுத்துவதற்கு முன் மருத்துவரிடம் காட்டுங்கள். அந்த வாரங்களில் உப்புக் காற்றிலும் வெயிலிலும் நிற்க முடியாது. சிறு திட்டாக இருந்தால் திரவ நைட்ரஜனால் உறைய வைப்பதும் உண்டு. நம் நிறத்துக்கு அந்த இடம் வெளுத்துப்போகலாம் என்பதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு சம்மதியுங்கள். கடுமையான மாற்றம் உதடு முழுக்கப் பரவியிருந்தால், உதட்டின் சிவந்த மேலடுக்கை மட்டும் சீவி எடுத்துவிட்டு, உள்வாய்ச் சவ்வை முன்னால் இழுத்துத் தைப்பார்கள். லேசரால் எரிப்பதும் உண்டு. சீவி எடுத்தால் எடுத்த சதை முழுவதையும் சோதிக்க முடியும் என்பது அதன் பெரிய பலன்.

புற்றுநோய் என்றே வந்தால்? 2 சென்டிமீட்டருக்குள், கழுத்தில் நெறிக்கட்டி இல்லாமல் கண்டுபிடித்தால், சுற்றிலும் கொஞ்சம் நல்ல சதையோடு வெட்டி எடுத்துத் தைத்துவிடுவார்கள். கீழுதட்டில் மூன்றில் ஒரு பங்குவரை போனாலும் நேராகத் தைக்க முடியும். வாய் கொஞ்சம் சிறுத்தாலும் பேசவும் சாப்பிடவும் முடியும். இந்த நிலையில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் ஐந்து ஆண்டு தாண்டி நலமாக இருக்கிறார்கள். அறுவை செய்ய முடியாத நிலையில் இருப்பவர்களுக்குக் கதிர்வீச்சும் நல்ல வழியே. கழுத்துக்கு நோய் போய்விட்டால் கதை மாறிவிடும். கழுத்திலும் அறுவை, அதன்பின் கதிர்வீச்சு என்று நீளும். ஐப்பசி வரை தள்ளிப்போடுவதில் இருக்கும் ஆபத்து இதுதான்.

எங்கே போவது, கூலிக்கு என்ன செய்வது

தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் பிரிவுக்குக் காலையிலேயே போய்விடுங்கள். உதட்டுச் சதை எடுப்பதற்குப் பல் பிரிவுக்கோ காது மூக்கு தொண்டைப் பிரிவுக்கோ அனுப்பினால் குழம்ப வேண்டாம், மூன்று பிரிவும் இதைச் செய்யும். முகாமில் கொடுத்த சீட்டு, களிம்பு, மாத்திரை அட்டை, ஆதார், குடும்ப அட்டை எல்லாம் கையில் இருக்கட்டும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இல்லையென்றால் இப்போதே விண்ணப்பியுங்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு அது உண்டு. கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று வாங்கி, குடும்ப அட்டையோடு ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போக வேண்டும். பின்னால் அறுவையோ கதிர்வீச்சோ தேவைப்பட்டால் அது கை கொடுக்கும். சதைப் பரிசோதனைக்காக அட்டை வரும்வரை காத்திருக்காதீர்கள்.

அம்மா மறுப்பதற்குப் பயத்தைவிடக் கூலிதான் பெரிய காரணமாக இருக்கும் என்று உங்கள் கடிதத்தைப் படித்தால் தோன்றுகிறது. அதை நியாயமான கவலையாகவே எடுத்துக்கொண்டு பேசுங்கள். புற்றுநோய் என்ற சொல்லைச் சொல்லி மிரட்ட வேண்டாம். காட்டுவதற்கு ஒரு நாள், சதை எடுக்க ஒரு நாள், முடிவு வாங்க ஒரு நாள். மூன்றாவது நாளுக்கு அம்மா வரவே வேண்டாம், நீங்கள் போனால் போதும். இரண்டு நாள் கூலி என்று கணக்காகச் சொன்னால் அவருக்குப் புரியும்.

வேலையை விட வேண்டுமா என்பதற்கு, அறிக்கை வரும்முன் பதில் சொல்லத் தேவையில்லை. ஆனால் நாளையிலிருந்தே உதட்டை மறைக்க வேண்டும். கெட்டி நெசவுள்ள அடர்நிறப் பருத்தித் துணியால் மூக்கும் வாயும் மறையக் கட்டச் சொல்லுங்கள். துணியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் ஒளி ஊடுருவக் கூடாது. வியர்வையில் நனைந்த துணி பாதுகாப்பை இழக்கும். மாற்றுவதற்கு இன்னொன்று கையில் இருக்கட்டும். தலைத்துண்டின் மேல் 7.5 சென்டிமீட்டருக்குக் குறையாத விளிம்புள்ள தொப்பி வேண்டும். அதோடு எஸ்.பி.எஃப். (வெயில் தடுப்பு அளவு) 30க்குக் குறையாத உதட்டுக் களிம்பு, வேலைக்கு இறங்குவதற்குக் கால் மணி முன்பு ஒரு முறை, பிறகு இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை, தண்ணீர் குடித்தாலோ முகம் துடைத்தாலோ மறுபடியும். புண் இருக்கும் இடத்தில் மட்டும் மருத்துவர் பார்க்கும்வரை எதையும் தடவ வேண்டாம். நெய், தேங்காய் எண்ணெய், வாசலின் எல்லாம் ஈரத்தைக் காக்கும், வெயிலைத் தடுக்காது. நம் நிழல் நம்மைவிடக் குட்டையாக இருக்கும் நேரம் முழுவதும் கதிர் கடுமையாக இருக்கிறது என்று அர்த்தம். முடிந்தவரை அந்த நேரத்து வேலையை விடிகாலைக்கு நகர்த்தப் பாருங்கள். மேகம் மூடியிருந்தாலும் துணி இருக்கட்டும்.

முடிவு எதுவாக இருந்தாலும், உதட்டில் முப்பது ஆண்டு வெயில் ஏறியிருப்பதால், முதல் இரண்டு ஆண்டுகளுக்கு மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை காட்ட வேண்டும். அடுத்து எப்போது வர வேண்டும் என்பதை அம்மாவின் சீட்டில் தேதியோடு எழுதி வாங்குங்கள். அம்மாவோடு அதே பாத்தியில் இறங்கும் பெண்களிடமும் உதட்டின் கரைக்கோடு தெளிவாகத் தெரிகிறதா என்று பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.